நல்லான் வண்டியில் குறைந்த மூணு கிலோ

நல்லானைத் திருடன்னு நான் சொன்னேன். ஒருக்கா வாய் தவறிச் சொல்லல. மூணு மாசம் சொன்னேன், ஆள் ஆளாப் பார்த்துச் சொன்னேன். இத மொதல்லயே சொல்லிப்போடறேன். நடுவுல சொன்னா நல்லவனாட்ட வேசம் போட்டுட்டு வந்தேன்னு நீங்க நெனைப்பீங்க. அதுல தப்பு இல்ல, உங்க எடத்துல நான் இருந்தாலும் அப்பிடித்தான் நெனைப்பேன். எனக்கு ஆரு மேலயும் லேசுல நம்பிக்கை வராது.

என்ற பேரு சாமியப்பன். பொறந்தது குண்டடம் பக்கம். அறுபத்தி மூணுல திருப்பூர்ல கந்தவேல் மொதலாளி பனியன் கம்பெனியில மேஸ்திரி. உள்ள வர்ற துணியும் வெளிய போற சரக்கும் என்ற கண்ணுல படாம வாசலைத் தாண்டக்கூடாது. அதுதான் வேல.

அன்னைக்கு சரக்கு போக வரன்னா மாட்டு வண்டிதான். மிசின்ல ஓடி எறங்கற துணி பழுப்பா இருக்கும். அத வண்டியில ஏத்தி நொய்யலாத்தோரம் சலவைப் பட்டறைக்கு அனுப்போணும். அங்க வேக வெச்சு, மருந்துல ஊறப்போட்டு, ஆத்துத் தண்ணியில அலசிக் களத்துல காயப்போடுவாங்க. வெளுத்த பொறகு மறுக்கா வண்டியேறி கம்பெனிக்கு வரும். வெட்டித் தெச்சு, அட்டைப்பொட்டியில போட்டு, பொட்டிகள அடுக்கி, மேல சாக்கு வெச்சுத் தெச்சா அதுக்குப் பேரு பேல். அந்தப் பேலும் வண்டியேறித்தான் ரயில்வே குட்செட்டுக்குப் போகும். அக்கட்டால கல்கத்தாவோ பம்பாயோ, அது ரயில்காரன் பாடு. ஆக, கல்கத்தாக்காரன் ஒருத்தன் ஒடம்புல ஏறறதுக்கு முன்னால ஒரு பனியன் மூணு தடவை மாட்டு வண்டியில ஏறி எறங்கியிருக்கும். லாரி இல்லாம இல்ல. ஆனா ஆத்தோரத்துச் சந்துக்குள்ள பூந்த லாரி திரும்பி வர முடியாது. வெடியால வண்டிப்பேட்டைக்குப் போனா முப்பது வண்டி வரிசையா நிக்கும். சாணி மிதிக்காம ஒரு தெரு நடக்க முடியாது, கருமம்.

அந்த முப்பதுல ஒண்ணு நல்லான் வண்டி. கணியூர்ப் பக்கத்து ஆளு, நாப்பது வயசு இருக்கும். அங்க கரும்பு வண்டி ஓட்டிட்டு இருந்தவன். கெணறு வத்தி வெள்ளாமை போன வருசம் ஊட்டுக்காரி மயிலாளையும் ரெண்டு செவலை மாட்டையும் கூட்டீட்டு திருப்பூருக்கு வந்துட்டான். குடியிருந்தது கருவம்பாளையத்துல. எங்க கம்பெனிக்கு வெளுத்த துணி கொண்டாரது பூராவும் அவன்தான்.

பாரம் ஏத்துனா வண்டியில உக்காரமாட்டான், மாட்டோட மாடா நடந்தே வருவான். துணி மூட்டை மேல ஆரையும் உக்கார உடமாட்டான். கேட்டா, "வெளுத்த துணிங்க, அழுக்காயிருமுங்க"ன்னு ஒரே பேச்சு. மத்த வண்டிக்காரங்க பேட்டையில பீடியப் பத்த வெச்சு ஊர் நாயம் பேசீட்டு இருக்கறப்ப, இவன் மட்டும் குனிஞ்சு மாட்டுக் குளம்பத் தொடச்சுட்டு இருப்பான். எனக்கு அதுவே புடிக்கல. வாயாடிய நான் நம்புவேன், உள்ள இருக்கறத என்னைக்காச்சும் கக்கிப்போடுவான். பேசாதவன் மனசுல என்ன இருக்குதுன்னு ஆரு கண்டா?

இந்தச் சந்தேகம் எங்கப்பன் குடுத்த சொத்து. அவர் பருத்தி வெச்சவர். பொதி மண்டிக்குப் போறதுக்கு மொத நாள் பொழுதோட, வேப்பங்கொழையத் தண்ணியில முக்கிப் பருத்தி மேல தெளிப்பார். தண்ணி குடிச்ச பருத்தி எடை நிக்கும். மண்டிக்காரன் பொதிக்குள்ள கைய உட்டுப் பார்த்து, "என்னுங்க, உங்க ஊர்ல மழையா?"ன்னு கேப்பான். அப்பன் சிரிப்பார், அவனும் சிரிப்பான். தராசுன்னு ஒண்ணு இருந்தா அதுக்குப் பின்னால ஒரு களவாணித்தனம் இருந்தே தீரும்னு எனக்குச் சின்ன வயசுலயே மண்டையில ஏறிப்போச்சு.

கார்த்திகையில மொதலாளி ரெண்டு மேடைத் தராசு வாங்குனார். அதுவரைக்கும் துணிய மூட்டை எண்ணித்தான் அனுப்புவோம், மூட்டை எண்ணித்தான் எறக்குவோம். கிலோ வந்த புதுசு, எல்லாத்தையும் நிறுக்கோணும்னு அவருக்கு ஒரு ஆசை. ஒரு தராசு கம்பெனி வாசல்ல, இன்னொண்ணு பட்டறையில. ரெண்டும் சரியா நிக்குதான்னு நானே படிக்கல்ல வெச்சுப் பார்த்தேன். ஒரு நூல் கூட பெசகல.

மொத வாரத்துலயே ஆப்புட்டுது. பட்டறைச் சீட்டுல முன்னூத்தி இருபது கிலோ. நம்ம வாசல்ல முன்னூத்திப் பதினேழு. மூட்டை எண்ணிக்கை சரி, கட்டும் பிரிக்கல. மறுநாள் ரெண்டு கிலோ கம்மி. அதுக்கு மறுநாள் நாலு.

"நல்லா, மூணு கிலோத் துணி எங்கப்பா போச்சு?"ன்னு கேட்டேன்.

மூட்டைக் கட்டத் தொட்டுப் பார்த்தான். "தெரியலீங்க மேஸ்திரி. நான் ஏத்துனத அப்பிடியே கொண்டாந்தேனுங்க."

அவ்வளவுதான் பேச்சு. தப்புப் பண்ணாதவன்னா குதிக்க வேண்டாமா? சட்டையப் புடிக்க வேண்டாமா? எனக்குச் சந்தேகம் ரெண்டு மடங்காச்சு.

பொறகு நான் ஒண்ணு கவனிச்சேன், கவனிச்சு ரொம்பக் கெட்டிக்காரன்னு எனக்கு நானே தட்டிக் குடுத்துக்கிட்டேன். பட்டறையில இருந்து கம்பெனிக்கு வர்ற வழியில ரயில்வே கேட் இருக்குது. குட்ஸ் வண்டி முன்னாலயும் பின்னாலயும் போயிட்டு வந்துட்டு இருந்தா கேட்டத் தொறக்கவே மாட்டான், ஒரு மணி நேரம் கூட ஆகும். கேட்டுல நின்னு நல்லான் நேரங்கழிச்சு வர்ற அன்னைக்கு எடை நெறையக் கொறையுது. கேட் தொறந்து கெடந்து வெரசா வந்த அன்னைக்கு எடை சரியா நிக்குது. இதுக்கு மேல என்ன சாச்சி ஓணும்? வண்டி நிக்கற நேரத்துல மூட்டைக்குள்ள கைய உட்டுத் துணிய உருவறான், கேட்டுப் பக்கத்துல எவனோ கூட்டாளி இருக்கறான். மொதலாளிகிட்டச் சொன்னேன். அவர் தலையச் சொறிஞ்சார். "பார்த்துக்கோ சாமியப்பா. தை மாசம் முடியற வரைக்கும் பார்ப்போம். எடை நிக்கலைன்னா வண்டிய மாத்திப்போடலாம்"னுட்டார்.

வண்டி மாத்தறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியோணும். ஒரு கம்பெனியில திருட்டுப் பட்டம் கட்டி எறக்கி உட்டுட்டா, ஆத்தோரத்துல எந்தப் பட்டறையும் எந்தக் கம்பெனியும் அந்த வண்டியில கைக்குட்டை கூட ஏத்தாது. வெளுத்த துணிய நம்பி உடறது வண்டிக்காரன்ற பேர வெச்சுத்தான். நல்லானுக்குக் காடு இல்ல, தோட்டம் இல்ல. அந்த வண்டியும் மாடும் பேரும்தான் இருந்துது. ஏற்கெனவே ரெண்டு கம்பெனிக்காரங்க என்ற பேச்சக் கேட்டுப் பாரம் குடுக்கறத நிறுத்திட்டாங்க. மிச்சம் நாங்க மட்டும்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன்.

மார்கழியில ஒரு நாள் வண்டி வெரசா வந்துது. எடை பட்டறைச் சீட்டுப்படி அச்சா நின்னுது. ஆகா, பயந்துட்டான்னு நெனைச்சுட்டே மூட்டையப் பிரிச்சுக் கைய வெச்சேன். துணி சில்லுன்னு இருந்துது. ஈரம்! எனக்கு எங்கப்பன்ற வேப்பங்கொழை ஞாபகத்துக்கு வந்துருச்சு. அடப்பாவி, துணிய உருவிப்போட்டுத் தண்ணியத் தெளிச்சு எடைய நிறுத்தியிருக்கறான். எடை கொறைஞ்சாலும் திருடன், எடை நின்னாலும் திருடன். அப்ப எனக்கு அது சரியாத்தான் பட்டுது.

அன்னைக்கே ஒரு துண்டுத் துணியத் தூக்கிட்டு வண்டிப்பேட்டைக்குப் போனேன். முப்பது வண்டிக்காரங்களும் இருந்தாங்க. நல்லான் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுட்டு இருந்தான். அவன் மூஞ்சிக்கு முன்னால துணிய நீட்டுனேன்.

"தண்ணி தெளிச்சு எடை காட்டற வித்தையெல்லாம் எங்க ஊட்டுலயே பார்த்தவன்டா நான். திருட்டு நாயே, எங்க ஒளிச்சு வெச்சிருக்கற?"

நல்லான் துணியத் தொட்டுப் பார்த்தான். "பனிங்க மேஸ்திரி"ன்னான்.

இதுக்கு ஒரு வெவரம் சொல்லோணும். நல்லாக் காஞ்ச துணிய ஒரு ராத்திரி களத்துலயே பனிக்கு உடறது பட்டறை வழக்கம். பனியில கெடந்த துணிக்குத் தனி வெளுப்பு வரும். வெடிஞ்சதும் உதறி, மடிச்சு, நிறுத்து வண்டியேத்துவாங்க. உதறி மடிச்சுட்டா அது காஞ்ச துணிதான், பட்டறையிலயும் சரி, கம்பெனியிலயும் சரி, அதுல ரெண்டாம் பேச்சே கெடையாது. அத்தன வருசத்துல ஒருத்தனும் அத நிறுத்துப் பார்த்ததில்ல, தராசே இப்பத்தான வந்துது.

"பனிக்கு எடையாடா? மூணு கிலோப் பனியா?"ன்னு கத்துனேன். பேட்டையே சிரிச்சுது. வேலுமணின்னு ஒரு வண்டிக்காரன், வாய் நீளம் அவனுக்கு, "நல்லா, எங்கூட்டுக்கு ரெண்டு கிலோப் பனி கொண்டாந்து போடு"ன்னான். நல்லான் மறுபடியும் தட்டெடுக்கக் குனிஞ்சுட்டான். அதுக்கப்பறம் பனிங்கற பேச்ச அவன் எடுக்கவே இல்ல.

தை கடைசியில ஒரு முடிவுக்கு வந்தேன். இவன நானே கையும் களவுமாப் புடிக்கறேன்னு வெடியால பட்டறைக்கே போயிட்டேன். என்ற கண்ணு முன்னால நிறுத்தாங்க, முன்னூத்திப் பத்து. மூட்டைகள ஏத்துனதும் நானும் ஏறி மேல உக்காந்துட்டேன். "அழுக்காயிருமுங்க"ன்னு ஆரமிச்சான். "ஆனா ஆகட்டும், ஓட்டு"ன்னேன். மாட்டத் தட்டுனான். உக்காந்த சித்த நேரத்துல என்ற வேட்டி பின்னால ஈரமாச்சு. அதுக்கும் அவனத்தான் வைதேன்.

கேட் மூடியிருந்துது. ரயில்காரன் குட்ஸ் பெட்டி கோத்துட்டு இருந்தான். வெயில் சுள்ளுன்னு ஏறுச்சு. நான் எறங்கவே இல்ல. ஒண்ணுக்கு முட்டிட்டு வந்துது, அதுக்கும் எறங்கல. நல்லான் மாட்டுக்கு முன்னால நின்னுட்டே இருந்தான், வண்டிப் பக்கம் திரும்பக்கூட இல்ல. ஒரு மணி நேரம் கழிச்சுக் கேட் தொறந்துது. கம்பெனி வாசல்ல மொதலாளியே நின்னுட்டு இருந்தார். அவர் முன்னாலயே மூட்டைகள மேடையில வெச்சோம்.

முன்னூத்தி ஆறரை.

மொதலாளி முள்ளப் பார்த்தார், சீட்டப் பார்த்தார், பொறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைய நான் நல்லா அறிவேன். மூணு மாசமா நல்லான நான் பார்த்த பார்வை அது.

"நீ வண்டி மேலயே உக்காந்து வந்தியா சாமியப்பா?"

"ஆமாங்க."

"எங்கியும் எறங்கல?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மொதலாளி நல்லான் பக்கம் திரும்புனார். "நீ சொல்லப்பா, மேஸ்திரி எங்கியாச்சும் எறங்குனாரா?"

அவன் மட்டும் "கேட்டுகிட்ட எறங்குனாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அன்னைக்கே தெருவுல நின்னிருப்பேன். அவன் எடத்துல நான் இருந்தா சொல்லியிருப்பேன், சத்தியமாச் சொல்லியிருப்பேன்.

"இல்லீங்க மொதலாளி. அவரு எறங்கவே இல்லீங்க. ஒரு நூலும் அவரு எடுக்கலீங்க"ன்னான். என்னைப் பார்க்காமயே சொன்னான்.

"சரி, எடுக்காத துணி எங்க போச்சு? நாளைக்கிருந்து நீ வர வேண்டாம்ப்பா"ன்னு நல்லான்கிட்டச் சொல்லிப்போட்டு மொதலாளி உள்ள போயிட்டார். நல்லான் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு வண்டிய ஓட்டிட்டுப் போனான்.

நான் அப்பிடியே வாசல்ல உக்காந்துட்டேன். எனக்கு வந்தது அழுகையா ஆத்தரமான்னு தெரியல. வேட்டியச் சுருட்டிக்கிட்டுக் கைய பின்னால வெச்சேன். வெடியால நனைஞ்சு ஒட்டிட்டு இருந்த வேட்டி மொடமொடன்னு காஞ்சிருந்துது. அட மடையா! வேட்டி காஞ்சா, அதுக்கு அடியில இருந்த துணி காயாதா?

எந்திரிச்சு ஓடி ஒரு மூட்டையத் தூக்கித் தராசுல வெச்சேன். முள்ளப் பார்த்துட்டு, கட்டப் பிரிச்சு வாசல் வெயில்ல துணிய விரிச்சேன். காவலுக்கு நானே நின்னேன், ஒரு ஈ காக்காய நெருங்க உடல. ஒரு மணி நேரங் கழிச்சு வாரிக் கட்டி மறுக்கா வெச்சா, அந்த ஒத்த மூட்டையில மட்டும் இன்னும் ஒண்ணரைக் கிலோ கம்மி. பனிக்கு எடை இருந்துது. கேட்டுல நிக்க நிக்க வெயில் குடிச்சுது. வெரசா வந்த அன்னைக்குத் துணி காயறதுக்கு நேரமில்ல, அதான் எடை நின்னுது, அதான் கை சில்லுன்னுச்சு. மூணு மாசம் நான் புடிச்சுக் குடுத்த திருடன் சூரியன்தான்.

மொதலாளியக் கூட்டியாந்து காட்டுனேன். அவர் சிரிச்சார்! "அட, பனிதானா? சரி விடு, போய் அவன வரச் சொல்லு"ன்னார். அவருக்கு அவ்வளவுதான்.

அன்னைக்கு மத்தியானமே கருவம்பாளையம் போனேன். மயிலாள் வாசல்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் முந்தானைய இழுத்துச் சொருகிட்டு, "வாங்கண்ணா"ன்னா. உள்ள போய் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. திருடன்னு பேர் வெச்சவனுக்கும் தண்ணி குடுக்கோணும்னு அவங்களுக்கு வளர்ப்பு. நல்லான் உள்ள சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தான்.

நின்ன வாக்குல எல்லாத்தையும் கொட்டுனேன். தராசு, வெயில், ஒண்ணரைக் கிலோ, எல்லாம். "என்ற தப்பு நல்லா. நீ சொன்னது வாஸ்தவம், பனிதான். நாளைக்கு வண்டியக் கொண்டா"ன்னேன்.

நல்லான் தலைய ஆட்டுனான், அவ்வளவுதான். மயிலாள்தான் பேசுனா. சத்தம் போடல, மரியாதையும் கொறையல.

"ஏனுங்கண்ணா, எங்கூட்டுக்காரரத் திருட்டு நாயேன்னு எங்கீங்க வெச்சுச் சொன்னீங்க?"

"பேட்டையில."

"முப்பது பேர் முன்னாலீங்க. இப்ப இல்லைன்னு எங்கீங்க வெச்சுச் சொல்றீங்க? நாலு சுவத்துக்குள்ள, நானும் அவரும் மட்டும் கேக்கறாப்பல. நாங்க ரெண்டு பேரும் அவரத் திருடன்னு என்னைக்குங்க நெனச்சோம்? எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்க போய்ச் சொல்லுங்க."

சொம்பக் கீழ வெச்சுட்டு வந்துட்டேன். அவ சொன்னதுல ஒரு எழுத்த மறுக்க எனக்கு வழியில்ல.

மறுநாள் வெடியால பேட்டைக்குப் போனேன். முப்பது வண்டியும் நின்னுது. நல்லானும் மாட்டப் பூட்டி ஓரமா நிறுத்தியிருந்தான், மயிலாள் சொல்லித்தான் வந்திருப்பான். நான் ஒரு பேல் மேல ஏறி நின்னு எல்லாரையும் கூப்புட்டேன். வெக்கமாத்தான் இருந்துது. இருந்தாலும் மிச்சம் வெக்காமச் சொன்னேன். நல்லான் ஒரு நூல் கூட எடுக்கல, நான் சொன்னது பொய், பனி காஞ்சுதான் எடை கொறைஞ்சுது, நானே நிறுத்துப் பார்த்தேன், மொதலாளியும் பார்த்தார், பாரம் இனி அவனுக்குத்தான், மத்த கம்பெனிக்காரங்களும் அவன நம்பிப் பாரம் குடுக்கலாம்னு சொன்னேன்.

சொல்லி முடிச்சேன். எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சு லேசாச்சு. அப்ப வேலுமணி பீடியக் கீழ போட்டு மிதிச்சுட்டு நிமுந்தான்.

"அதெல்லாம் சரிங்க மேஸ்திரி. நேத்து நீங்களும் அவனும் ஒரே வண்டியிலதான வந்தீங்க? எடை மூணரை கொறைஞ்சுதாமா. இப்ப உங்களுக்கும் பங்கு வந்துருச்சுங்களா?"

பேட்டையே விழுந்து விழுந்து சிரிச்சுது. "டேய், கேளுங்கடா"ன்னு கத்துனேன். கையக் கையக் காட்டுனேன். நான் கத்தக் கத்த அவங்களுக்குச் சிரிப்பு ஏறுச்சு. பட்டறைக்காரர் ஒருத்தர் பாரத்துக்கு வண்டி பேச வந்து நின்னுட்டு இருந்தார், அவரும் நல்லானைப் பார்த்துட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டார். திருடன்னு சொன்னப்ப ஒரு கேள்வி கேக்காம நம்புன ஆளுங்க அத்தன பேரும் அங்கதான் இருந்தாங்க.

எறங்கி நல்லான் வண்டிகிட்ட ஓடுனேன். அவன் நுகத்தடியப் புடிச்சு மாட்டத் திருப்பிட்டு இருந்தான்.

"நல்லா, அவனுங்க கெடக்கறானுங்க. நம்ம கம்பெனி பாரம் உனக்கு இருக்குதுப்பா, மொதலாளியே சொல்லிட்டார்."

"இருக்குங்க மேஸ்திரி. ஆனா நாளைக்கு ஒரு மூட்டை எடை கொறைஞ்சாலும் உங்களையும் சேர்த்துத்தானுங்க பேசுவாங்க." அவன் கொரல்ல கோவமே இல்ல. கோவப்பட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். "சோமனூர்ல தறிக்காரங்களுக்கு வண்டி ஓணுமாமுங்க. அங்க போறேனுங்க."

"அங்க உனக்கு ஆரைத் தெரியும்?"

"ஆரையுந் தெரியாதுங்க. அங்க என்னையும் ஆருக்குந் தெரியாதுங்க"ன்னு சொல்லிப்போட்டு, வண்டிய மேக்க திருப்பி ஓட்டிட்டுப் போயிட்டான்.